பொன்முலாம் பூசிய துப்பாக்கியும் சொல்முலாம் பூசிய விளம்பரமும்

தங்கமுலாம் பூசிய துப்பாக்கியை "முதலீடு" என்றும், "பரம்பரைச் சொத்து" என்றும், "ஆயிரத்தில் ஒன்று" என்றும் பெயர் சூட்டி விற்பது அமெரிக்க நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வியாபாரம். இவ்வியாபாரத்தில் சட்ட விரோதம் ஏதுமில்லை; அறிவு விரோதம் நிரம்ப உண்டு என்பதே நமது கட்சி. வாங்குமுன் எதை நிறுத்துப் பார்க்க வேண்டுமோ அதை ஒளித்து வைத்து, எதைப் பார்த்துப் பயனில்லையோ அதை மினுக்கிக் காட்டுவதுதான் இவ்விற்பனையின் உயிர்நாடி.

"நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். வாங்குவதில் யாதொரு சம்பந்தமும் இல்லை. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 14 ஆண்டுவரை சிறையும், 6-க்குக் குறையாத பிரம்படியும் விதிக்க மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. சிங்கப்பூர்ச் சட்டமும் இவ்விஷயத்தில் இளைத்ததன்று. ஆயினும் அந்நாட்டு ஆங்கில விலைப்பட்டியல்கள் நம்மவர் கண்ணிலும் படுகின்றன. ஆங்கிலம் கற்ற சிலர் அவற்றைப் புரட்டிப் பார்த்து, "தங்கமல்லவா! விலை எங்கே போய்விடும்?" என்று வியக்கின்றனர். அந்த ஒரு வாக்கியத்தையே நாம் இங்கு எதிர்க்க எடுத்துக்கொண்டோம். ஏனெனில் துப்பாக்கி நம் ஊருக்கு வராவிட்டாலும், அவ்வாக்கியம் வந்துவிட்டது.

முதலில் தங்கத்தை நிறுப்போம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு, எடையைப் பாராமல் விலையை எழுதும் வழக்கம் இல்லை. நகைத் தொழிலில் "கனத்த முலாம்" என்று பெருமையாகச் சொல்லப்படுவது சுமார் இரண்டரை மைக்ரான் கனம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துப்பாக்கியின் நடுக்கூட்டிலும் பிற உறுப்புகளிலுமாக 200 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு இம்முலாம் பூசியிருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள தங்கத்தின் கன அளவு ஒரு கன சென்டிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் நிறுக்கும். பெருக்கிப் பார்த்தால் வருவது 0.97 கிராம். பவுனுக்கு 8 கிராம் என்றால், இது அரைக்கால் பவுன்கூடத் தேறவில்லை! முலாம் மெல்லியதாயின் கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இதைத்தான் "தங்கத் துப்பாக்கி" என்கிறார்கள்.

"24 காரட் என்று எழுதியிருக்கிறதே" என்பர் சிலர். எழுதியிருப்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் காரட் என்பது மாற்றைச் சொல்லுமேயன்றி எடையைச் சொல்லாது. ஒரு துளிப் பாலும் கலப்பற்ற பாலாக இருக்கக்கூடும். அதைக்கொண்டு குழந்தையின் பசி தீராது. மேலும் மாற்று உயர உயரத் தங்கம் மென்மையாகும். கை பட்ட இடமும், உறை உரசிய விளிம்பும் முதலில் தேய்ந்து வெளுக்கும். முலாமுக்கு அடியில் வழக்கமாக நிக்கல் படலம் ஒன்றிருக்கும். குழல் துடைக்க உதவும் அம்மோனியா கலந்த திரவம் கீறலின் வழியே உட்புகுந்தால், அப்படலம் அரிபட்டு மேலுள்ள பொன்னும் உரியும். ஆகையால் வாங்குவோன் பூதக்கண்ணாடியை முதலில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம், பளபளக்கும் நடுப்பக்கமன்று, விளிம்பும் மூலையுமே.

வேறொரு ஏமாற்றமும் உண்டு. இக்காலத்துப் பொன்னிறக் கைத்துப்பாக்கிகள் சிலவற்றில் பொன் அணுவளவும் இல்லை. டைட்டானியம் நைட்ரைடு என்னும் கடினமான பூச்சு பொன்னிறம் தரும். விற்பவர் அதை மறைப்பதில்லை. "டைட்டானியம் கோல்டு" என்று வெளிப்படையாகவே அச்சிடுகின்றனர். வாங்குவோன் முன்சொல்லை விட்டுவிட்டுப் பின்சொல்லை மட்டும் படித்தால் அப்பிழை யாருடையது?

பொன்னால் அழகு செய்த துப்பாக்கி யாவும் இகழத்தக்கது என்பது நமது கருத்தன்று. எஃகில் உளியால் பள்ளம் வெட்டி, அதன் ஓரங்களை உட்புறமாகச் சரித்து, பொன் கம்பியை அதில் அடித்திறக்கிப் பதிக்கும் வேலை உயர்ந்த கைத்தொழில். அமெரிக்காவில் நிம்ஷ்கி, கஸ்டாவ் யங், உல்ரிச் குடும்பத்தார் முதலியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செதுக்குவேலையால் பெயர் பெற்றவர்கள். அவர்கள் கைபட்ட துப்பாக்கிக்குக் கொடுக்கும் விலை, கைக்குக் கொடுக்கும் விலை, உலோகத்துக்கன்று. இயந்திரம் உருட்டிய கொடியும் இலையும் ஆயிரம் துப்பாக்கிகளிலும் மயிரிழை பிசகாது ஒரே மாதிரி இருக்கும். மனிதன் செதுக்கிய இலை ஒன்றுபோல் மற்றொன்று இராது. இரண்டு துப்பாக்கிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் பொறுமையுள்ளவனை எந்த விளம்பரமும் ஏய்க்க முடியாது.

அடுத்தது எண்ணிக்கை. "குறிப்பிட்ட எண்ணிக்கையே செய்யப்பட்டது" என்பது இவ்வியாபாரத்தின் மூலமந்திரம். வின்செஸ்டர் கம்பெனி 1964-இல் வயோமிங் மாநிலத்தின் நினைவாக வெளியிட்டவை 1,500 அளவே. அது விற்றதும் வியாபாரிகளுக்குச் சுவை தட்டிவிட்டது. 1966-இல் கம்பெனியின் நூற்றாண்டு நினைவாக வெளிவந்தவையோ ஒரு லட்சத்துக்கும் மேல்! பின்னர் 1967-இல் கனடாவின் நூற்றாண்டு, 1968-இல் பஃபலோ பில், 1969-இல் தியடோர் ரூஸ்வெல்ட் என்று ஆண்டுதோறும் ஒரு நினைவு முளைத்தது. 1981-இல் நடிகர் ஜான் வேயின் பெயரால் வந்தவை 50,000. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆழம் அளவிட்டுச் சொல்கிறார்கள்; இன்னும் எத்தனை கிணறு வெட்டுவார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. பழம்பொருள் ஏன் அரிதாகிறது? செய்தவை பலவாயினும், உழைத்துத் தேய்ந்தும், துருவேறியும், உருக்கப்பட்டும், தொலைந்தும் அழிந்து போய், எஞ்சியவை சிலவாக இருப்பதால் அரிதாகிறது. நினைவுத் துப்பாக்கியின் கதையோ நேர்மாறானது. வாங்கியவர் அனைவரும், "பின்னால் விலை ஏறும்" என்று அதைப் பெட்டியிலேயே பூட்டி வைத்தனர். ஒன்றும் அழியவில்லை. பிள்ளைகள் விற்கக் கொண்டு வந்த காலத்தில் எல்லாப் பெட்டிகளும் ஒருசேரத் திறந்தன. எல்லாரும் காத்து வைத்த பொருள் எப்படி அரிதாகும்?

பொன்னின் மயக்கத்தை உடைக்க 1966-ஆம் ஆண்டுத் துப்பாக்கி ஒன்றே போதும். வின்செஸ்டர் பெயரில் முதன்முதல் வந்த 1866-ஆம் ஆண்டு மாதிரியின் நடுக்கூடு ஒருவகை வெண்கலத்தால் ஆனது. அம்மஞ்சள் நிறத்தால் "மஞ்சள் பையன்" என்று மக்கள் அதற்குச் செல்லப் பெயரிட்டனர். நூறாண்டு கழித்து அதன் நினைவாக வந்ததற்கோ நடுக்கூட்டில் தங்கமுலாம் பூசினார்கள். வெண்கலத்தின் வேடத்தைப் பொன் பூண்டு நின்ற விந்தை இது! சேகரிப்போர் எதற்கு அதிக விலை தருகின்றனர்? வெண்கலத்துக்கே, அதுவும் பன்மடங்காக. உழைத்தது வெண்கலம், உட்கார்ந்திருந்தது பொன்.

2021 ஆகஸ்டில் பானம்ஸ் ஏலக் கம்பெனி ஒரு கோல்ட் கைத்துப்பாக்கியை 60 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. 1881-இல் பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனை ஷெரீப் பேட் காரெட் சுட்ட துப்பாக்கி அது. அதில் முலாமும் இல்லை, மினுக்கும் இல்லை. அது யார் கையில் இருந்தது, கைமாறி வந்த வழி எது என்பதற்குப் பத்திரம் இருந்தது, அவ்வளவே. மறுபுறம், 2003-இல் சதாம் உசேன் ஆட்சி வீழ்ந்தபோது பாக்தாதில் பொன்முலாம் பூசிய துப்பாக்கிகள் அகப்பட்டன. 2011-இல் கடாபி பிடிபட்டபோது அவருடைய பொற்கைத்துப்பாக்கியைப் போராளிகள் தலைக்குமேல் தூக்கி ஆடினர். பொன் அவர்களைக் காக்கவில்லை. அத்தகைய துப்பாக்கிக்கு எவரேனும் விலை கொடுப்பாராயின், அதுவும் வரலாற்றுக்கே.

வரலாற்றுக்குச் சான்று எது? விற்பவனே தன் சரக்குக்கு எழுதித் தரும் "உண்மைச் சான்றிதழ்" சான்றாகாது. அது தன் பிள்ளைக்குத் தானே நற்சாட்சி சொல்வது போன்றது. பழைய வின்செஸ்டர் மாதிரிகள் பலவற்றின் தொழிற்சாலைப் பேரேடுகள் வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தொடரெண்ணைக் கொடுத்தால், அது எந்நாளில் எவ்வுருவில் வெளிச்சென்றது என்று பேரேட்டைப் பார்த்து எழுதித் தருவர். கோல்ட் கம்பெனியும் தன் பழம்பதிவுகளிலிருந்து அவ்வாறே கடிதம் தருகிறது. பேரேட்டுக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் உள்ள வேற்றுமை கணக்கெழுதும் நமக்குப் புதிதன்று. பேரேடு வாங்குவோனை நினைத்து எழுதப்படுவதில்லை. அதனாலேயே அது நம்பத்தக்கது. வெறும் துப்பாக்கியாக வெளிச்சென்றது இன்று பொன்மேனியோடு வந்து நின்றால், இடையில் எவனோ பூசியிருக்கிறான் என்பது பேரேட்டால் தெரிந்துவிடும். பழைய துப்பாக்கிக்குப் புதுமுலாம் பூசினால் மதிப்பு ஏறுவதில்லை, பாழாகிறது.

இனி முதலீடு என்னும் வாதம். 1966-இல் அந்நூற்றாண்டுத் துப்பாக்கியின் விலை 125 டாலர். விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் அது 2024-இல் சுமார் 1,200 டாலருக்குச் சமம். இன்றைய ஏலங்களில் அத்துப்பாக்கி பெரும்பாலும் அத்தொகையைத் தாண்டுவதில்லை. அன்று தங்கத்தின் அதிகார விலை அவுன்சுக்கு 35 டாலர். 125 டாலருக்கு மூன்றரை அவுன்சு. அவுன்சு 2,000 டாலர் என்று குறைத்து மதிப்பிட்டாலும் இன்று அது 7,000 டாலர்! "1933 முதல் 1974 வரை அமெரிக்கர் தங்கக்கட்டி வைத்திருக்கச் சட்டம் இடந்தரவில்லையே" என்று மறுப்போர் உண்டு, மறுப்பு நியாயமானதே. ஆனால் அதனால் நிலைநாட்டப்படுவது, பொன் வேறு, பொன்முலாம் வேறு என்ற நமது கட்சியேயன்றி வேறில்லை. முலாம் பொன்னாக இருந்திருந்தால், சட்டம் அதை விட்டு வைத்திராது.

"லாபத்துக்கன்று, அழகுக்காக வாங்குகிறோம்" என்பாருக்கு நாம் பகைவரல்லர். அழகுக்கு அழகின் விலையைக் கொடுக்கட்டும்; அதைத் திரும்ப எதிர்பாராதிருக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம். ஒருமுறை சுட்டாலும், விசையை இழுத்து இழுத்துப் பார்த்தாலும், மேலட்டைப் பெட்டியைத் தொலைத்தாலும் நினைவுத் துப்பாக்கியின் விலை சரிந்துவிடும். சுடக்கூடாத துப்பாக்கி, தொடக்கூடாத பொன்; இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இரண்டின் பயனையும் இழப்பது எவ்வகை இன்பம்? இவ்வளவுக்கும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அது அலங்காரப் பொருளன்று. 1898-க்குப் பின் செய்யப்பட்டது எதுவாயினும் அது ஆயுதமே. வேறு மாநிலத்தானுக்கு விற்பதாயின் உரிமம் பெற்ற வியாபாரி மூலமே கைமாற்ற வேண்டும். இவ்விவரமும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதில்லை.

ஆகவே எந்நாட்டானாயினும் வாங்குமுன் கேட்க வேண்டியவை ஐந்தே. பொன் எத்தனை கிராம்? வேலை கையினதா, இயந்திரத்தினதா? செய்தவை எத்தனை, அழிந்தவை எத்தனை? விற்பவனைச் சாராத பேரேடு உண்டா? இதே பொருளை முன்பு வாங்கியவர் திரும்ப விற்றபோது கையில் பெற்றது எவ்வளவு? கேட்கும் விலையன்று, பெற்ற விலை! ஐந்துக்கும் விடை கிடைத்த பின்னர் மனம் விரும்பினால் வாங்கலாம். ஒன்றுக்கேனும் விடை கூறாது, "நாளை இராது, இன்றே வாங்குங்கள்" என்று ஒருவன் அவசரப்படுத்துவானாயின், அந்த அவசரமே விடை.

தோழர்களே! கவரிங் வளையலை அடகுக் கடைக்குக் கொண்டு போனால், கடைக்காரன் கல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துத் திருப்பித் தந்துவிடுவான். லயத்தில் வாழும் கிழவிக்கும் இது தெரியும். அவள் அறிந்த இச்சிறு உண்மையை, ஆங்கிலத்தில் அச்சிட்ட வழவழப்பான தாளைக் கண்டதும் படித்தவன் மறந்துவிடுகிறான். நம் ஊரிலும் முலாம் பூசிய நினைவு நாணயமும், வெல்வெட்டுப் பெட்டியும், தொடரெண் இட்ட சான்றிதழும் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. பிள்ளையின் படிப்புக்குச் சேர்த்த வெள்ளியை அவற்றுக்கு எண்ணிக் கொடுப்போர் நம்மிடையே உண்டு. சொல்லில் பூசிய முலாம் உலோகத்தில் பூசிய முலாத்தினும் மெல்லியது. உரைத்துப் பார்க்கத் துணிந்த கைக்கு முன் அது ஓர் இழுப்புக்கும் தாங்காது.