வெள்ளம் வளர்க்கும் மரங்கள்

மரம் வேண்டுமானால் கன்று நடவேண்டும், வேலி கட்டவேண்டும், தண்ணீர் ஊற்றவேண்டும் என்றே பள்ளி நாள்முதல் கேட்டு வருகிறோம். இது எல்லா மரங்களுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதற்குக் கனடா நாட்டு லெத்பிரிட்ஜ் நகரத்து மரங்களே சான்று.

ஆல்பர்ட்டா மாகாணத்தின் தெற்கே, புல்வெளிச் சமவெளியில் அமைந்த நகரம் அது. ஆண்டு மழை சராசரியாக 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. மேட்டு நிலத்தில் தானாக முளைத்த மரத்தைக் காண்பது அரிது. ஆனால் நகரையொட்டி ஓடும் ஓல்டுமேன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினாலோ சோலை! அத்தனையும் காட்டன்வுட் எனும் பாப்லர் வகை மரங்கள். மூன்று இனங்கள் அங்கே சந்தித்து, ஒன்றோடொன்று கலந்து கலப்பினங்களை ஈன்றிருக்கின்றன. தாவரவியல் மாணவருக்கு இதைவிட விருந்து ஏது?

மலைப்பனி உருகி ஆறு பெருகி வடியும் வேளையில் இவற்றின் விதைகள் பஞ்சோடு பறக்கின்றன. அவ்விதைகளுக்கு ஆயுள் சில வாரங்களே. அதற்குள், வெள்ளம் புதிதாய் ஒதுக்கிய ஈர மணல்திட்டில், நிழல் படாத இடமாகப் பார்த்து விழவேண்டும். முளைத்தபின் நீர்மட்டம் இறங்க இறங்க வேரும் துரத்திக்கொண்டு இறங்கவேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 2.5 சென்டிமீட்டர் இறங்கினால் கன்று பிழைக்கும். சட்டென்று வற்றினால் கருகிவிடும்.

இதன் துணையாறாகிய செயின்ட் மேரியில் 1951-இல் அணை எழுந்தது. நீர் பாசனத்திற்குத் திரும்பியது. அணைக்குக் கீழே முதிய மரங்கள் பட்டுப்போயின; அவற்றின் இடத்தை நிரப்பக் கன்றுகள் எழவில்லை. ஓல்டுமேனிலும் அணை கட்டியபோது, 1990-இல் பீகானி பழங்குடியினர் சிலர் ஆற்றை வேறு வழியில் திருப்பவே முயன்றனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 1992-இல் தீர்ப்பானது. ஆயினும் அணை நிலைத்தது.

லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் ஸ்டூவர்ட் ரூட் முதலியோரின் ஆய்வு இங்கேதான் கைகொடுத்தது. 1995-இல் வந்த பெருவெள்ளத்திற்குப்பின் அணைநீரைப் படிப்படியாகக் குறைத்தார்கள். கரையில் புதுக்கன்றுகள் திரளாக எழுந்தன.

பாசன அணையே கூடாது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை; உழவனுக்கும் நீர் வேண்டும். ஆனால் அணையின் நீர்க்கணக்கில் உழவனுக்கு ஒரு பங்கு இருப்பதுபோல் கரைமரங்களுக்கும் ஒரு பங்கு எழுதப்படவேண்டும். நாற்றங்கால் அமைத்துக் கன்று நட்டு ஈடுசெய்யலாமே என்பர் சிலர். எத்தனை கல் தொலைவுக்கு நடுவது? யார் தண்ணீர் சுமப்பது? கலப்பினக் காட்டில் எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது? மதகை அடைக்கும்போது சில வாரம் பொறுமை காட்டினால், இத்தனை வேலையையும் ஆறு கூலியின்றிச் செய்துவிடுமே!