காலங்கடந்த மேல்முறையீடுகள்: வென்ற நிலம் எப்போது கைக்கு வரும்?

புதுதில்லி: நில வழக்கில் வென்ற ஒருவர், தீர்ப்பு இறுதியாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்? சட்டம் தரும் விடை எளிது. உரிமையியல் தீர்ப்பாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள். பிற நீதிமன்றங்களில் 30 நாள். அதற்குள் தோற்றவர் வராவிட்டால் விவகாரம் முடிந்தது.

நடைமுறை வேறு. கர்நாடகத்தில் ஒரு நில வழக்கில் தனக்குப் பாதகமாக வந்த தீர்ப்பை எதிர்த்து, அம் மாநில வீட்டுவசதி வாரியம் 3,966 நாள் தாமதமாக, அதாவது ஏறத்தாழ 11 ஆண்டுகள் கழித்து, இரண்டாவது மேல்முறையீடு செய்தது. தாமதத்தை உயர் நீதிமன்றம் மன்னித்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, வாரியத்துக்கு 25 ஆயிரம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. காலக்கெடு முடிந்த பிறகான நாள்களுக்கு மட்டுமன்றி, காலக்கெடு ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே காரணம் சொல்ல வேண்டும் என்றும் அத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

அதிகாரத்தின் எல்லை: காலங்கடந்து வரும் மேல்முறையீட்டை, எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும் என்கிறது 1963-ம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 3-வது பிரிவு. "போதிய காரணம்" இருந்தால் மட்டும் ஏற்கலாம் என்பது 5-வது பிரிவு தரும் விலக்கு. இவ் விலக்கு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் உண்டு. புதிதாகத் தொடரப்படும் வழக்குகளுக்கு இல்லை. முதலில் தாமதம் குறித்து முடிவெடுக்க வேண்டும், அதன் பிறகே மேல்முறையீட்டைத் தொட வேண்டும், அதுவரை தீர்ப்பாணைக்குத் தடை வழங்கலாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-ல் தனி விதியும் சேர்க்கப்பட்டது. சட்டம் இவ்வளவு கண்டிப்பானது. ஆனால், "போதிய காரணம்" எது என்பதை அது வரையறுக்கவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான்கு நாளில் தொடங்கிய தாராளம்: ஜம்மு காஷ்மீரின் அனந்தநாகில் கையகப்படுத்தப்பட்ட நிலத்துக்கு இழப்பீடு கனால் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாயிலிருந்து 8 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. அதை எதிர்த்து அரசு 4 நாள் தாமதமாக வந்தது. 1987-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாமதத்தை மன்னித்ததுடன், இத்தகைய மனுக்களைத் தாராள நோக்கில் அணுகுமாறு கீழ் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டியது. தாமதமாக வருவதால் வழக்காடுபவருக்குப் பொதுவாக ஆதாயம் ஏதுமில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. தமிழகத்திலிருந்து சென்ற ஒரு நில உரிமை வழக்கில், 1998-ல் 883 நாள் தாமதம் மன்னிக்கப்பட்டது. நாள்களின் எண்ணிக்கையைவிடச் சொல்லப்படும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது நீதிமன்றம்.

நில வழக்குகளைப் பொருத்தவரை 1987-ல் சொன்ன காரணம் முழுமையாகப் பொருந்துமா என்பது கேள்வி. நிலத்தைக் கையில் வைத்திருப்பவருக்குத் தாமதம் ஆதாயமே. வென்றவரோ நிலத்தை விற்கவும் இயலாமல், அடகு வைக்கவும் இயலாமல் காத்திருக்கிறார். வழக்கு எந்த நாளிலும் உயிர்பெறலாம் என்ற அச்சம் இருக்கும்வரை வாங்குபவர் யார்?

மாறும் அணுகுமுறை: கோப்புகள் மேஜைக்கு மேஜை நகர்ந்தன என்ற வாதத்தை 2012-ல் அஞ்சல் துறை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அங்கு தாமதம் 427 நாள். 2020-ல் 663 நாள் தாமதமாக வந்த மத்தியப் பிரதேச அரசைக் கடிந்துகொண்டு, 25 ஆயிரம் ரூபாய் விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கச் சொன்னது. புனே நிலம் ஒன்றின் வழக்கில், தள்ளுபடியான மனுவை மீட்க 12 ஆண்டு 158 நாள் கழித்து வந்த மத்திய அரசை 2024-ல் திருப்பி அனுப்பியது. எனினும், 2023-ல் ஒரு நில ஆர்ஜித வழக்கில் அரசின் 479 நாள் தாமதம் மன்னிக்கப்பட்டதில் தலையிட அதே நீதிமன்றம் மறுத்தது. எந்த அமர்வு எப்படிப் பார்க்கும் என்பதை வழக்காடுபவர் முன்கூட்டி அறிய இயலவில்லை.

கண்டிப்பின் மறுபக்கம்: சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்துக்காக ஆந்திரத்தில் 1989-ல் நிலம் எடுக்கப்பட்டது. கூடுதல் இழப்பீடு கோரியவர்களில் சிலர் இறந்துபோக, அவர்களில் ஒருவரது வாரிசுகள் 5,659 நாள் கழித்து மேல்முறையீடு செய்தனர். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வழக்கின் தகுதியைக் காட்டித் தாமதத்தை மன்னிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி இது சரியே. ஆனால், சட்டத்துறையும் அரசு வழக்கறிஞர்களும் கைவசம் உள்ள ஒரு வாரியமும், தந்தை வழக்குத் தொடுத்ததையே அறியாதிருக்கக்கூடிய ஒரு விவசாயியின் வாரிசும் ஒரே நிலையில் இல்லை. போதிய காரணம் என்பதை எடைபோடுகையில் இந்த வேறுபாடு கணக்கில் வர வேண்டும். அனந்தநாக் தீர்ப்பின் தாராளத்தால் எளியவர் அடைந்த பயனைவிட அலட்சியமான அலுவலகங்கள் அடைந்த பயன் அதிகமாகிவிடக் கூடாது.

செய்ய வேண்டியது என்ன? பாதகமான தீர்ப்பு வந்த அன்றே மேல்முறையீடு குறித்து முடிவெடுக்கும் அதிகாரி யார் என்பது கோப்பில் பதிவாக வேண்டும். செலவுத் தொகை பொதுப்பணத்திலிருந்து கட்டப்பட்டால் யாருக்கும் உறைக்காது. 2020 தீர்ப்பு காட்டிய வழியில் பொறுப்பானவரிடமே வசூலிக்க வேண்டும். தாமத மன்னிப்பு மனுக்களை நீதிமன்றங்களும் விரைந்து முடிக்க வேண்டும். மேற்சொன்ன தமிழக வழக்கில் தாமதத்தை மன்னிக்கலாமா என்ற ஒரே கேள்வி மூன்று நீதிமன்றங்கள் ஏறியது.

முடிவில்லாத வழக்கில் கிடைக்கும் வெற்றி வெற்றியாகாது. காலக்கெடு என்பது தோற்றவரைத் தண்டிக்க வந்ததன்று. வென்றவர் நிம்மதியாக உழுவதற்காக வந்தது. அரசு அலுவலகங்கள் முதலில் இதை உணர வேண்டும்.