ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க ஏசியைப் பாருங்க!

சம்பளம் வந்த முதல் வாரம். ஏதோ ஒரு அமெரிக்க வீடியோல "ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டினேன், கரண்ட் பில் குறைஞ்சிடுச்சு"ன்னு ஒருத்தர் சொல்றார். உடனே ஆர்டர் போடக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்க. என் கருத்தை நேராவே சொல்லிடறேன்: நம்ம ஊர்ல ஸ்ப்ளிட் ஏசி வச்சிருக்கிறவங்களுக்கு அந்தப் பொருள் பொருந்தாது.

காரணம் ரொம்ப சிம்பிள். அங்கே பெரும்பாலும் வீடு முழுசுக்கும் ஒரே ஹீட்டிங், கூலிங் சிஸ்டம். சுவர்ல ஒரு தெர்மோஸ்டாட், அதுக்குப் பின்னாடி 24 வோல்ட் வயர்கள். பழசைக் கழட்டிட்டு அதே வயர்கள்ல புதுசை மாட்டுவாங்க. அங்கேயே 'சி வயர்' இருக்கான்னு பார்க்காம வாங்கினா சிக்கல்தான். நம்ம ஸ்ப்ளிட் ஏசிக்கு சென்சார் யூனிட்டுக்குள்ளயே இருக்கு, கட்டளை ரிமோட்ல இருந்து போகுது. மாட்டுறதுக்கு இடமே இல்ல!

நமக்குச் சரிப்படுறது ஐஆர் கன்ட்ரோலர். ரிமோட் அனுப்புற அதே சிக்னலை போன் ஆப் வழியா அனுப்பும். அதையும் வாங்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க:

1. உங்க ஏசியிலயே வைஃபை இருக்கா? மேனுவலைப் பாருங்க. இருந்தா தனியா எதுவும் வாங்க வேண்டாம்.

2. உங்க ஏசி மாடல் அந்த ஆப்போட பட்டியல்ல இருக்கா? திருகு பட்டன் வச்ச பழைய விண்டோ ஏசின்னா, ரிமோட்டே இல்ல, இதுவும் வேலை செய்யாது.

3. பல கருவிகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும்தான் இணையும். உங்க ரூட்டர்ல அது இருக்கா?

4. வாங்கினா ஏசிக்கு நேரா தெரியிற இடத்துல வைக்கணும். கதவு, அலமாரி மறைச்சா சிக்னல் போகாது.

"ஸ்மார்ட் பிளக் போதுமே"ன்னு சிலர் சொல்வாங்க. ஓடுற ஏசிக்கு பிளக்ல கரண்டைக் கட் பண்றது கம்ப்ரசருக்கு நல்லதில்ல. ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லாத ஏசி, பிளக்கை ஆன் பண்ணினாலும் தானா ஓடாது.

இப்போ காசுக் கணக்குக்கு வருவோம். கருவி 2,500 ரூபாய்னு வச்சுக்கோங்க. ரெண்டு மாசத்துல 20 மணி நேரம் ஏசியை அணைக்க மறந்துட்டீங்க, மணிக்கு 1 யூனிட், யூனிட்டுக்கு 6 ரூபாய். மிச்சம் 120 ரூபாய். போட்ட காசு திரும்ப 21 பில், அதாவது மூணரை வருஷம். அதுவும் வருஷம் முழுக்க ஏசி ஓடினாதான்.

இன்னொரு பக்கம் பாருங்க. செட்டிங்கை 1 டிகிரி கூட்டினா சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லுது. 2020 ஜனவரியில இருந்து ஸ்டார் லேபிள் ஏசிகளுக்கு 24 டிகிரியை டீஃபால்ட் ஆக்கினதும் அதுக்காகத்தான். ரெண்டு மாசத்துல உங்க ஏசி 200 யூனிட் இழுக்குதுன்னா, 22-ல இருந்து 24-க்கு மாறினா சுமார் 24 யூனிட் மிச்சம். கருவி தர்றதை விட அதிகம், செலவு பூஜ்யம்!

தமிழ்நாட்டுல ரெண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டினா, 101-ல இருந்து 200 வரைக்கும் கிடைச்ச சலுகை ரேட்டும் போயிடும். நீங்க 510, 520-ல நிக்கிறவரா? அப்போ இந்த 24 யூனிட்தான் உங்களை 500-க்குக் கீழ இறக்கும்.

அப்போ யாருமே வாங்கக் கூடாதா? அப்படி இல்ல. ஆபீஸ் கிளம்பும்போது ஏசியை அணைக்க அடிக்கடி மறக்குறவங்க, வீட்டுல வயசானவங்களை விட்டுட்டு வெளியூர்ல வேலை பார்க்கிறவங்க வாங்கலாம். ஆனா அதை வசதிக்கான செலவுன்னு பட்ஜெட்ல எழுதுங்க, சேமிப்புன்னு எழுதாதீங்க.

இன்னிக்கு ராத்திரி ரிமோட்டை எடுத்து 24 வைங்க, ஃபேனையும் போடுங்க. அடுத்த பில் வந்ததும் போன பில்லைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. கருவி தேவையா இல்லையான்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.