படம் பார்த்து மருந்து கொடுக்கலாமா?

உங்கள் முதுகின் நடுவே விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். வரிசையாகத் தட்டுப்படும் முடிச்சுகள் முள்ளெலும்புகளின் பின்முனைகள் மட்டுமே. எடையைத் தாங்கும் பருத்த பகுதி உள்ளே ஆழத்தில் இருக்கிறது. ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்ததற்கும் இடையே மெத்தை போன்ற ஒரு வட்டு. இந்த அடுக்கின் பின்புறம் ஓடும் கால்வாயினுள் தண்டுவடம். இவ்வளவு பத்திரமான இடத்திலும் சில வேளைகளில் கிருமி குடியேறிவிடுகிறது. தொண்டையில் புண் என்றால் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைக் காட்டிப் பார்க்கலாம். முதுகெலும்பை எப்படித் திறந்து பார்ப்பது?

படம் எடுக்கலாம் என்பீர்கள். எக்ஸ்-கதிர்ப் படம் உண்டு. காந்தப் புலத்தைக் கொண்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. படமும் உண்டு. பின்னது மிக நுட்பமானது. எலும்பு நொறுங்குவதற்கு முன்பே சீழையும் வீக்கத்தையும் காட்டிவிடும். ஆனால் கிருமி எங்கே இருக்கிறது என்பதைத்தான் படம் சொல்லும். அது எந்தக் கிருமி என்று கேட்டால் ஓர் ஊகத்தைத்தான் தரும். அந்த ஊகத்தை வைத்துக்கொண்டே மருந்தைத் தொடங்கிவிடுவது சரியன்று என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் முதுகெலும்பு அரித்திருப்பதைப் படத்தில் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது இயல்பே; இங்கு அது பரவலான நோய். முதுகெலும்புக் காசநோயாளிகளுள் பெரும்பாலோரை அறுவையின்றி மருந்தைக் கொண்டே குணப்படுத்தலாம் என்று காட்டிய ஆய்வுகளில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வுகளும் உண்டு. ஆனால் வெற்றிக்கும் ஒரு தீமை உண்டு. கைவசம் நல்ல மருந்து இருக்கும்போது, நோய் அதுதானா என்று ஐயுறும் பழக்கம் குறைந்துவிடுகிறது.

புருசெல்லா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1887-இல் மால்ட்டாத் தீவில் டேவிட் புரூஸ் கண்டறிந்தது இது. காய்ச்சாத பால் வழியாகவும், ஆடு மாடுகளோடு புழங்குவோருக்கு நேரடியாகவும் வரும். இதுவும் முதுகெலும்பைத் தாக்கும்; படத்தில் காசநோயைப் போலவே தோற்றமளிக்கக்கூடும். வேடிக்கை என்னவென்றால், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் புருசெல்லாவையும் ஓரளவு அடக்கும். வலி குறையும்; ஊகம் சரிதான் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அதனோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய டாக்சிசைக்ளின் அந்த மருந்துச் சீட்டில் இராது. கிருமி முழுதும் ஒழியாது.

பாக்டீரியாவே இல்லாமல் பூஞ்சையாக இருந்துவிட்டால்? அப்போது காசநோய் மருந்தும் பயன்படாது, சாதாரண எதிருயிரி மருந்துகளும் பயன்படா. இது கற்பனையன்று. 2012-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது.

அங்கு முதுகுவலிக்கு ஸ்டீராய்டு மருந்தைத் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் ஊசியால் செலுத்துவது வழக்கம். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு கூடத்தில் தயாரான மருந்துக் குப்பிகள் தூய்மைக் குறைவால் பூஞ்சையால் மாசுபட்டிருந்தன. ஏறத்தாழ 14,000 பேருக்கு அந்த ஊசி போடப்பட்டது. ஸ்டீராய்டுக்கு ஒரு குணம் உண்டு: அழற்சியைத் தணிக்கும்போதே, அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலையும் குறைத்துவிடும். விதையையும் தூவி, காவற்காரனையும் தூங்கவைத்த கதைதான்!

டென்னசி மாநிலத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மூளையுறை அழற்சியுடன் ஒரு நோயாளி வந்தார். பாக்டீரியாவுக்கான மருந்துகளால் அவர் தேறவில்லை. தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. நோய் எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ள ஒருவருக்கு இது எப்படி அங்கே போயிற்று? மருத்துவர் ஏப்ரல் பெட்டிட் அண்மையில் என்னென்ன சிகிச்சை நடந்தது என்று விசாரித்தார்; முதுகில் போட்ட ஊசி தெரியவந்தது. செப்டம்பர் 18-ஆம் நாள் மாநிலச் சுகாதாரத் துறைக்கு எழுதினார். அடுத்த வாரமே அந்த மருந்துக் குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. அதன் பிறகுதான் மற்ற ஊர் மருத்துவர்களுக்கும் எதைத் தேடுவது என்று தெரிந்தது. பிறரைத் தாக்கியது பெரும்பாலும் எக்சரோஹைலம் என்னும் வேறொரு பூஞ்சை. புற்களின் இலைகளில் வாழ்வது. மனிதரின் முதுகில் அதைத் தேட வேண்டும் என்று அதற்கு முன் எவருக்குத் தோன்றியிருக்கும்? மொத்தம் 750 பேருக்கு மேல் நோயுற்றனர். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஒரு குழாய்த் திரவம் ஆய்வகத்துக்குப் போகாதிருந்தால் இந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பூஞ்சையை ஒழிப்பதும் எளிதன்று. அதன் செல் அமைப்பு நம் செல்லின் அமைப்பை ஒத்திருப்பதால், அதைத் தாக்கி நம்மைத் தாக்காத மருந்துகள் சிலவே. வோரிகோனசோல் என்ற மருந்து பூஞ்சைச் செல்லின் உறைக்குத் தேவையான எர்கோஸ்டிரால் உருவாகாமல் தடுக்கிறது. நம் செல்களில் அந்தப் பொருள் கிடையாது. ஆனாலும் பார்வைக் கோளாறு, ஈரல் பாதிப்பு போன்ற தொல்லைகள் உண்டு. மாதக்கணக்கில் உட்கொள்ளவும் வேண்டும். இத்தகைய மருந்தை ஊகத்தின்பேரில் கொடுக்க முடியுமா?

இதற்கு மறுப்பும் உண்டு. முதுகெலும்புக்குள் ஊசி செலுத்தித் துளி திசுவை எடுப்பது செலவு பிடிக்கும், நோயாளி அஞ்சுவார், சில வேளை ஊசி வெறுங்கையுடனும் திரும்பும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். கால்கள் செயலிழந்துகொண்டிருக்கும்போது காத்திருக்கலாமா? கூடாதுதான். அப்போது திசுவையும் இரத்தத்தையும் எடுத்துக்கொண்டு உடனே மருந்தைத் தொடங்க வேண்டும். நான் வற்புறுத்துவது வரிசையைத்தான். மருந்து முந்திக்கொண்டால் கிருமி மடியாமலே மறைந்துகொள்ளும். பிறகு எடுக்கும் திசுவில் எதுவும் வளராமல் போகலாம். காசநோயைப் பொறுத்தவரை, மரபுப் பொருளைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லிவிடுகிறது. ரிஃபாம்பிசின் பலிக்குமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே காலதாமதம் என்ற வாதம் முன்போல் வலுவானதன்று. பெரியோரும் ஒன்று செய்யலாம். 'ஊசியெல்லாம் வேண்டாம், மாத்திரை எழுதித் தாருங்கள்' என்று மருத்துவரை நெருக்குவது பல வேளைகளில் நம் வீட்டார்தான்.

மாசுபட்ட அந்த மருந்தைப் பெற்றவர்களுள் 172 பேரை மிச்சிகன் மாநிலத்தின் ஒரு மருத்துவமனை அழைத்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்தது. 36 பேரின் படங்களில் கோளாறு தெரிந்தது. 24 பேருக்கு அறுவை செய்து திசுவைச் சோதித்ததில் 17 பேரிடம் பூஞ்சை உறுதியாயிற்று. அந்த 17 பேருள் 5 பேர், முதலில் கேட்டபோது தங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று சொன்னவர்கள்.