கைதட்டுவது மட்டும்தான் நம் வேலையா?

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் (மெக்கானிக்கல்)



நம் ஆவடியில் நாலு பேர் சேர்ந்து டீக்கடையில் நின்றால் பேச்சு மூன்று பக்கம்தான் போகும். ஒன்று வேலை, இரண்டு சினிமா, மூன்று கிரிக்கெட். வேலையைப் பற்றிப் பேசும்போது நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். ஆனால் கிரிக்கெட் என்று வந்துவிட்டால் ஒவ்வொருவனும் அணியின் முதலாளி ஆகிவிடுகிறான். "அவனைத் தூக்கு, இவனை எடு, மொத்த டீமையும் கலைச்சிட்டுப் புதுசா கட்டு!" என்று தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் டீ கிளாஸைக் கீழே வைக்கிறான்.

இந்தத் தீர்ப்பை உண்மையான முதலாளிகள் காது கொடுத்துக் கேட்க வேண்டுமா? இல்லை, "நீ விசில் அடி, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர்கள் சொல்வதுதான் சரியா? விளையாட்டுக் கேள்விதானே என்று தள்ளிவிடாதீர்கள். யோசித்துப் பார்த்தால் நம் வாழ்க்கையிலேயே கை வைக்கிற கேள்வி இது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஐ.பி.எல். போட்டியில் நம் சென்னை சூப்பர் கிங்ஸ் பதினான்கு ஆட்டங்களில் நான்கில்தான் ஜெயித்தது. பத்து அணிகளில் பத்தாவது இடம். 2008ல் போட்டி தொடங்கியதிலிருந்து சென்னை கடைசி இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. சேப்பாக்கம் என்றால் கோட்டை என்று மார் தட்டியவர்கள் நாம். அந்தக் கோட்டையில் மார்ச் 28ல் பெங்களூரு பதினேழு வருடம் கழித்து ஜெயித்தது. ஏப்ரல் 5ல் டெல்லி பதினைந்து வருடம் கழித்து ஜெயித்தது. ஏப்ரல் 11ல் கொல்கத்தாவிடம் இருபது ஓவரும் ஆடி 103 ரன்தான். ஏப்ரல் 25ல் ஐதராபாத்தும் முதல் முறையாக அங்கே ஜெயித்துவிட்டுப் போனது. கோட்டையா அது, கொட்டகையா?

அப்புறம்தான் "ரீபில்டிங்" என்ற சொல் எல்லார் வாயிலும் வந்தது. அதாவது, பழைய அணியைப் பிரித்துப் போட்டுப் புது அணியைக் கட்டுவது. 2025 நவம்பரில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் இந்திய அணிக்கு அதுவரை ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொடுத்தார்கள். ஜடேஜா போனதற்குப் பாதிப் பேர் அழுதார்கள். "இப்பவாவது செய்தானுங்களே" என்று மீதிப் பேர் மகிழ்ந்தார்கள். இதில் எந்தப் பாதியின் பேச்சை முதலாளி கேட்பது?

இதை வீட்டில் பேசும்போது எங்கப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ஏழாம் வகுப்போடு நின்றவர். "அவன் கம்பெனி, அவன் காசு. உனக்கென்னடா?" என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அந்த வார்த்தை மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக்கூடாது. ரசிகன் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தால் நமக்குச் சில கோப்பைகள் வந்தே இருக்காது! இரண்டு வருடத் தடை முடிந்து 2018ல் சென்னை திரும்பி வந்தபோது முப்பதைத் தாண்டியவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். "இது டீமா, முதியோர் இல்லமா?" என்று கேலி செய்யாதவர் யார்? கடைசியில் 36 வயது வாட்சன் இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117 அடித்தார். கோப்பை வந்தது. 2020ல் ஏழாவது இடம். "மொத்தமா கலைச்சிடுங்கடா" என்று ஊரே கத்தியது. முதுகெலும்பான ஆட்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 2021ல் மறுபடி கோப்பை! 2022ல் ஒன்பதாவது இடம், 2023ல் ஐந்தாவது கோப்பை. ஆக, தோற்ற மறுநாள் ரசிகன் போடும் சத்தத்துக்கு முதலாளி ஆடாமல் இருந்தது நல்லதாகத்தான் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரசிகனின் பாசம் சில சமயம் கண்ணை மறைக்கும். 2023ல் தோனி சீக்கிரம் பேட்டிங் பிடிக்க வேண்டும் என்பதற்காக, ஜடேஜா அவுட்டாக வேண்டும் என்று நம் ஆட்களே காத்திருந்தார்கள். ஜடேஜாவே அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதே ஜடேஜாதான் அந்த வருட இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு அவரைத் தோளில் தூக்கினோம். பாசத்தை மட்டும் வைத்து டீம் கட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, அப்படியானால் ரசிகன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதானா? இல்லை நண்பர்களே, இல்லவே இல்லை!

ரசிகன் கத்தியதில் தப்பாய்ப் போனதை மட்டும் எண்ணுகிறோம். சரியாகச் சொன்னதையும் எண்ண வேண்டாமா? "நம்ம ஊர்ப் பசங்களை எடுங்கப்பா" என்று பல வருடமாகச் சொல்லி வந்தோம். 2016லிருந்து டி.என்.பி.எல். நடக்கிறது. கண் முன்னால் பையன்கள் ஆடுகிறார்கள். சாய் சுதர்சன் நம் சென்னைப் பையன். 2022ல் அவரை குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டு போனது. 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராகவே 96 அடித்தார். 2025ல் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று கத்தியவன் ரசிகன். கேட்காமல் விட்டவர்கள் யார்? 2023 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே ஒரு உறுப்பினர் எழுந்து, தமிழ் வீரர்களே இல்லாத அணியைத் தடை செய்யுங்கள் என்றார். தடை என்பது அதிகப்படி. ஆனால் அதன் பின்னால் இருந்த வருத்தம் பொய்யில்லை.

அந்த வருத்தத்துக்குப் பதிலாக 2024 நவம்பர் ஏலத்தில் அஸ்வினை 9.75 கோடிக்கு எடுத்தார்கள். அஸ்வின் உலகம் போற்றும் வீரர், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்போது அவருக்கு 38 வயது. 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல்.லிலிருந்து ஓய்வே பெற்றுவிட்டார். நாம் கேட்டது இருபது வயதுப் பையன்களுக்கு ஒரு வாசல். கொடுத்தது ஒரு பெரிய பெயர். வேகம் பத்தவில்லை, இளரத்தம் வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே இருந்தோம். 2025ல் போட்டியை விட்டு வெளியேறிய பிறகு, மே 3ல், பெங்களூருக்கு எதிராக 17 வயது ஆயுஷ் மாத்ரே 94 அடித்தபோதுதான் அது எல்லாருக்கும் புரிந்தது. வெள்ளம் வடிந்த பிறகு அணை போட்ட கதை!

இங்கேதான் நான் படிக்கிற படிப்பு எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்தது. ஒர்க்ஷாப்பில் மெஷின் ஓடும்போது ஏதாவது சத்தம் மாறினால் முதலில் யாருக்குத் தெரியும்? ஏ.சி. ரூமில் இருக்கிற மேனேஜருக்கா? ஆபரேட்டருக்குத்தான் தெரியும். எட்டு மணி நேரமும் பக்கத்தில் நிற்பவன் அவன்தான். "சார், பேரிங்ல சத்தம் வருது" என்று சொல்வது அவன். பேரிங்கா, கியரா, பெல்ட்டா என்று பிரித்துப் பார்த்து எதை மாற்றுவது என்று முடிவு செய்வது ஃபிட்டர். ஆபரேட்டர் சொன்னபடியே ஃபிட்டர் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆபரேட்டர் சொல்லும்போது காதைப் பொத்திக்கொண்டால் மெஷின் ஒருநாள் நின்றே போகும்.

ரசிகன்தான் அந்த ஆபரேட்டர். "கோளாறு இருக்கிறது" என்று அவன் சொன்னால் நம்ப வேண்டும். "இந்த ஆளை எடு, அந்த ஆளைத் தூக்கு" என்று அவன் சொன்னால் ஆராய வேண்டும். ஒருநாள் மட்டும் வந்த சத்தமா, மூன்று சீசனாகத் தொடர்ந்து வருகிற சத்தமா என்று பார்க்க வேண்டும். முதலாவது கோபம். இரண்டாவது தகவல். இதுதான் என் கட்சி.

ஆனால் முதலாளி ஏன் கேட்பதில்லை? கேட்காவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை, அதனால்தான்! 2023 முதல் 2027 வரை ஐந்து வருட ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். அதில் ஒரு பங்கு எல்லா அணிக்கும் போகிறது. கடைசி இடம் வந்த அணியைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளும் வழக்கமும் ஐ.பி.எல்.லில் கிடையாது. பத்தாவது வந்தாலும் அடுத்த வருடம் அதே நாற்காலி. சரி, அந்த 48,390 கோடிக்கு விற்ற சரக்கு என்ன? பேட்டா, பந்தா? நம் கண்! கோடிக்கணக்கான பேர் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கையைத்தான் விற்றார்கள். சேப்பாக்கத்தில் 2025ல் மும்பை ஆட்டத்துக்குக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். எங்கப்பாவுக்கு அது மூன்று நாள் கூலி. அவன் காசு, அவன் காசு என்கிறோமே, அதில் நம் காசு இல்லையா?

கொஞ்சம் வெளி உலகத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு ஆட்டம், நம் கிரிக்கெட்டுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. அங்கே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி மொத்தமாகப் பிரித்துக் கட்டியது. 162 ஆட்டங்களில் 2011ல் 106, 2012ல் 107, 2013ல் 111 தோல்வி! மோசமாகத் தோற்கும் அணிக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை என்பது அங்கே விதி. அதனால் தோற்பதிலும் லாபம். 2017ல் கோப்பை ஜெயித்தார்கள். அந்த சீசனில் எதிரணியின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள் என்று 2020ல் நிரூபணமாகி அந்தப் பெருமையிலும் கறை விழுந்தது. நம் ஐ.பி.எல்.லில் கடைசி இடத்துக்கு அப்படி ஒரு பரிசு கிடையாது. ஆகவே "இரண்டு வருஷம் தோற்கிறோம், பொறுத்துக்கோ" என்று சொல்ல இங்கே யாருக்கும் காரணமில்லை.

அதே ஆட்டத்தில் ஓக்லாந்து அணியின் முதலாளி ஊரை விட்டே அணியைக் கொண்டுபோகப் பார்த்தார். 2023 ஜூனில் ரசிகர்கள் புறக்கணிக்கவில்லை. மாறாக, ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குத் திரண்டு வந்து, "அணியை விற்றுவிட்டுப் போ" என்று ஒரே குரலில் முழங்கினார்கள். கேட்டாரா? இல்லை. 2024 சீசனோடு அணி அந்த ஊரை விட்டுப் போய்விட்டது. ரசிகனுக்குச் சட்டத்தில் இடமில்லாவிட்டால் இதுதான் கதி.

இடம் இருந்தால் என்ன ஆகும்? ஜெர்மனி கால்பந்தில் கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2024 பிப்ரவரியில் லீகின் வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்குக் கொடுக்கப் பார்த்தபோது ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். வாரக்கணக்கில் ஆட்டங்கள் தடைபட்டன. கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். இங்கிலாந்திலும் 2021 ஏப்ரலில் ஆறு பெரிய கிளப்புகள் தனி லீகுக்குப் போவதாக அறிவித்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்ததும் இரண்டே நாளில் பின்வாங்கின. முக்கியமான விஷயங்களில் ரசிகர்களைக் கலந்து பேசியாக வேண்டும் என்று 2025 ஜூலையில் அங்கே சட்டமே வந்துவிட்டது.

நாம் கேட்பது ஒன்றும் ஆகாயத்துக் கோட்டை இல்லை. ஒன்று, சீசன் முடிந்ததும் எங்கே தப்பு நடந்தது, அடுத்து என்ன திட்டம் என்று நிர்வாகம் ரசிகர்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும். இரண்டு, ஒவ்வொரு சீசனிலும் சில ஆட்டங்களுக்காவது கூலிக்காரனும் மாணவனும் வாங்கக்கூடிய விலையில் டிக்கெட் வேண்டும். மூன்று, மாவட்டப் பையன்களைத் தேடிப் பிடிக்கும் தேர்வு முகாம்கள் ஆவடி, திருவள்ளூர் மாதிரி ஊர்களுக்கும் வர வேண்டும். நான்கு, ரசிகர்கள் சார்பில் ஒரு குழு, வருடத்துக்கு இரண்டு முறையாவது நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். யாரை எடுப்பது என்ற முடிவை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். எங்கள் குரலுக்கு ஒரு நாற்காலி போடுங்கள், போதும்.

"ரசிகன் எப்போதும் இருப்பான்" என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 2018ல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாறியபோது சுமார் ஆயிரம் பேர் தனி ரயிலில் சென்ட்ரலிலிருந்து கிளம்பி, நம் ஆவடி தண்டவாளம் வழியாகத்தான் புனே போனார்கள். அந்த அன்பு சும்மா கிடைத்ததில்லை, சும்மா நிற்கவும் நிற்காது.

நண்பர்களே! நாளைக்கு நாம் ஏதோ ஒரு கம்பெனி வாசலில் பட்டயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப் போகிறோம். அங்கேயும் ஷிப்டை மாற்றுவார்கள், ஆளைக் குறைப்பார்கள், மெஷினை மாற்றுவார்கள். "புதுப்பிக்கிறோம்" என்றுதான் பெயர் வைப்பார்கள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து உட்காரும் குழுவை அமைக்கச் சொல்ல 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். உழைப்பவன் சொல்லுக்கு விலை உண்டு என்று இந்த நாடு சுதந்திரம் பெற்ற வருடத்திலேயே ஒப்புக்கொண்ட விஷயம் அது. "அவன் கம்பெனி, உனக்கென்ன?" என்ற வார்த்தைக்குத் தலையாட்டியே நம் அப்பா, தாத்தா காலம் போய்விட்டது. அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்கு எழுதப் படிக்க வாய்ப்பில்லை. நமக்கு அது கிடைத்திருக்கிறது.

விளையாட்டில் கேள்வி கேட்கப் பழகுவோம். கோபத்தில் கத்தாமல், கணக்கோடும் காரணத்தோடும் கேட்போம். தப்பென்றால் தப்பென்போம், சரியென்றால் கைதட்டுவோம். அதற்கப்புறம் அடிக்கிற விசிலுக்குத்தான் மதிப்பு!