‘வருகிறது’ என்ற சாவி

ஹவுரா ஸ்டேஷனில் சென்னை மெயிலுக்குக் காத்திருக்கும் தமிழரும் பக்கத்து வங்காளியும் ஆங்கிலத்தில் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்: ‘ஐ ஆம் வெயிட்டிங் சின்ஸ் டூ அவர்ஸ்.’ இரு தாய்மொழிகளுக்கும் இங்கே நிகழ்காலமே போதும். ஆங்கிலமோ பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் கேட்கிறது: ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்.’ கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’. ஹவுரா பாலம் ‘சின்ஸ் 1943’ வண்டிகளைச் சுமந்து வருகிறது: ‘ஹேஸ் பீன் கேரியிங்’. அந்த ‘வருகிறது’தான் தமிழருக்குச் சாவி. (ஆங்கில வாத்தியார்கள் இதை இன்னும் அழுத்திச் சொல்லலாம்.)

ரயிலடியில் இந்தப் பிழையால் நஷ்டமில்லை; புரிந்துவிடும். மனுவில் அப்படியல்ல. பத்தாண்டுகளாகப் பணியாற்றி வருபவர் ‘ஐ வொர்க்டு ஃபார் டென் இயர்ஸ்’ என்று எழுதினால், அதிகாரியின் கண்ணில் அவர் வேலையை விட்டவர். ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றால்தான் இன்னும் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்.