ஆட்டக்காரன் கூலியும் முதலாளியின் கடனும்

2025 ஜூலை 11ந் தேதி, நாட்டின் தலையாய கால்பந்துப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. மழையோ வெள்ளமோ காரணமல்ல. போட்டியை நடத்தும் கம்பெனியின் ஒப்பந்தம் அந்த வருஷம் டிசம்பரில் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் போடப்படவில்லை. எனவே ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் பெங்களூர் கிளப் தன் முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. அடுத்த சில நாளில் நமது சென்னையின் எப்.சி.யும் எல்லா வேலைகளையும் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. 2015லும் 2017-18லும் சாம்பியன் பட்டம் வென்ற கோஷ்டி அது. ஒரிஸ்ஸா கிளப்பும் இதே வழியில் போயிற்று.

ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கதை புதிதல்ல. காலையில் ஷிப்டுக்குப் போனால் கேட்டில் நோட்டீஸ் தொங்கும். "மறு அறிவிப்பு வரும் வரை" என்று இருக்கும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கதவடைப்பு. கால்பந்தில் அதற்கு வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பந்தாட்டத்தைப் பற்றி நமது பத்திரிகை எதற்கு எழுத வேண்டும், கூலியையும் பஞ்சப்படியையும் பற்றி எழுதினால் போதாதா என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலியைப் பற்றித்தான் எழுதுகிறோம். கிளப் என்றால் தொலைக்காட்சியில் தெரியும் பதினொரு பேர் மட்டுமல்ல. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், துணி வெளுக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், சமையல்காரர், காயத்துக்கு மருந்து கட்டுகிறவர், சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறவர் எல்லாரும் அங்கே சம்பளத்துக்கு உழைக்கிறவர்கள். கிளப் கடனில் மூழ்கினால் முதலில் முங்குகிறவர்கள் இவர்கள். நட்சத்திர ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போய்விடுவான். புல் வெட்டுகிறவர் எங்கே போவார்?

ஆலை வளர்த்த ஆட்டம்

இந்த ஆட்டம் உழைப்பாளியின் ஆட்டம். இங்கிலாந்தில் ஆர்சனல் கிளப்பை 1886ல் தொடங்கியவர்கள் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். இன்றைய மான்செஸ்டர் யுனைடெட் 1878ல் ரயில் பெட்டித் தொழிலாளர்களின் கோஷ்டியாகப் பிறந்தது. நம் நாட்டில் 1911ல் கல்கத்தாவின் மோகன் பகான் கோஷ்டி பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்ட வெள்ளைப் பட்டாளக் கோஷ்டியை 2-1 என்று தோற்கடித்துக் கேடயம் வென்றது. அன்று மைதானத்தைச் சுற்றி நின்ற ஜனங்கள் அதை வெறும் ஆட்டமாகவா பார்த்தார்கள்?

பிற்பாடு ஆலைகளும் வங்கிகளும் ரயில்வேயும் போலீஸும் கோஷ்டிகள் வைத்தன. பம்பாயில் மபத்லால், ஆர்க்கே ஆலைகளின் கோஷ்டிகள் பெயர் பெற்றவை. பஞ்சாபில் பக்வாரா ஊரின் ஜே.சி.டி. பஞ்சாலைக் கோஷ்டி, 1996-97ல் நடந்த முதல் தேசிய லீக்கிலேயே பட்டம் வென்றது. ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் அந்த ஆலையின் சட்டை போட்டு ஆடியவர்கள். சென்னையில் இந்தியன் வங்கிக் கோஷ்டி தேசிய லீக் வரை போய் ஆடியது. வங்கி, ரயில்வே போன்ற இடங்களில் ஆட்டக்காரனுக்கு ஒரு பலம் இருந்தது. முழங்கால் போனாலும் உத்தியோகம் போகாது. மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன்.

ஆனால் தனி முதலாளியின் தயவில் நின்ற கோஷ்டிகளின் கதி என்ன? 1962ல் பிறந்த மகிந்திரா கோஷ்டி 2010ல் கலைக்கப்பட்டது. ஜே.சி.டி. 2011ல் கலைக்கப்பட்டது. தொலைக்காட்சியில் போதிய விளம்பரம் கிடைக்கவில்லை என்பது நிர்வாகம் சொன்ன காரணம். நாற்பது வருஷக் கோஷ்டியை மூடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. முதலாளிக்குக் கோஷ்டி ஒரு விளம்பரப் பலகை. பலகைக்கு வெளிச்சம் குறைந்தால் கழற்றி எறிந்துவிடுவான்.

ஒரே அச்சு

நமது அச்சரப்பாக்கத்துக்குப் பெயர் வந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனுடைய தேரின் அச்சு இங்கே இற்றுப் போயிற்றாம். அதனால் அச்சு இறு பாக்கம். கதையை நம்புவது அவரவர் விருப்பம். அதிலுள்ள விஷயம் வண்டிக்காரன் எவனுக்கும் தெரியும்: தேரை எவ்வளவு ஜோடித்தாலும், அச்சு முறிந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

இந்தியக் கால்பந்தின் தேருக்கு ஒரே அச்சுதான் மாட்டப்பட்டிருந்தது. 2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், ரிலையன்ஸ் கூட்டுக் கம்பெனியிடம் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஆட்டத்தின் வியாபார உரிமைகளை எழுதிக் கொடுத்தது. 2014ல் அந்தக் கம்பெனி சூப்பர் லீக்கை ஆரம்பித்தது. சினிமா நடிகர்கள், கிரிக்கெட் பிரபலங்கள், வாணவேடிக்கை என்று முதல் சில வருஷம் தேர் ஜகஜோதியாக ஓடியது.

வரவு செலவைப் பாருங்கள். வரவு: டிக்கெட், சட்டையில் பெயர் போடும் கம்பெனி தரும் பணம், பொது வருமானத்தில் பங்கு. செலவு: சம்பளம், விமானக் கட்டணம், ஓட்டல், ஸ்டேடியம் வாடகை. போதாக்குறைக்கு லீக்கில் ஆடுவதற்கே கம்பெனிக்கு வருஷா வருஷம் கட்டணம். வரவு செலவைத் தொடவேயில்லை. இடைவெளியை முதலாளி கைப்பணத்தாலோ கடனாலோ அடைத்தார். கிளப்பின் கணக்கில் அது முதலாளிக்குத் தரவேண்டிய கடனாக ஏறிக்கொண்டே போகும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிய செங்கல் சூளைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. பேரேடு அவர்களிடம், கடன் நம்மிடம்.

ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ல் முடிந்தது. அதற்கு முன் சம்மேளனம் டெண்டர் விட்டது. வருஷத்துக்குக் குறைந்தது 37.5 கோடி ரூபாய் தர வேண்டும் என்பது நிபந்தனை. நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட டெண்டர் போடவில்லை. டிசம்பரில் பம்பாய்க் கிளப்பின் அந்நியப் பங்குதாரர்களும் கைகழுவிப் போனார்கள். 2026 ஜனவரித் துவக்கத்தில் சுனில் சேத்ரி உள்ளிட்ட ஆட்டக்காரர்கள், ஆட்டத்தைக் காப்பாற்றுங்கள் என்று உலகக் கால்பந்து ஸ்தாபனத்துக்குப் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார்கள். சில நாளில் மத்திய மந்திரி போட்டி நடக்கும் என்று அறிவித்தார். பிப்ரவரி 14ல் சுருக்கப்பட்ட லீக் ஆரம்பமாயிற்று. இதற்கிடையே பல கிளப்புகள் ஆட்டக்காரர்களிடம் சம்பளத்தைக் குறைத்துக் கொள்ளும்படி கேட்டன. அச்சு முறிந்தது முதலாளிகளின் ஒப்பந்தத்தால். தேரைத் தோளில் தூக்கச் சொன்னது ஆட்டக்காரனை!

இது திடீரென்று வந்த விபத்தல்ல. புனே கிளப் 2019ல் மறைந்து, அதன் இடத்தில் ஹைதராபாத் கிளப் வந்தது. அது 2021-22ல் சாம்பியன். இரண்டே வருஷத்தில் சம்பளப் பாக்கியால் ஆட்டக்காரர்கள் விலகிப் போனார்கள். 2025ல் அந்தக் கிளப்பே டில்லிக்குப் போய்விட்டது. 2024-25ல் கல்கத்தாவின் பழம்பெரும் முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்டக்காரர்கள் பாக்கிச் சம்பளம் கேட்டுப் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். கோயமுத்தூர் தோழர்களுக்கு வேறொரு கதை தெரியும். சென்னை சிட்டி கோஷ்டி அங்கே குடியேறி, பஞ்சாலை நகரத்து ஜனங்களின் ஆரவாரத்தில் 2018-19ல் ஐ-லீக் பட்டத்தை வென்றது. சுவிட்சர்லாந்து கிளப் ஒன்று 26 சதவிகிதப் பங்கு வாங்கியது. 2020-21க்குப் பிறகு அந்தக் கோஷ்டி தேசிய லீக்கில் இல்லை. பட்டம் ஊருக்கு வந்தது. கோஷ்டி ஊருக்குச் சொந்தமாக இல்லை.

கடல் தாண்டியும் இதே கதை

லங்காஷயரில் பரி என்பது ஒரு பஞ்சாலை ஊர். 1885ல் பிறந்த அதன் கிளப் 1900லும் 1903லும் இங்கிலாந்தின் பெரிய கோப்பையை வென்றது. 2018ல் அந்தக் கிளப்பை ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். கடனும் சம்பளப் பாக்கியும் கழுத்தை நெரித்தன. 2019 ஆகஸ்ட் 27ல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. அன்று காலை, கிளப் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையில் ஊர் ஜனங்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து மைதானத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரவில் தீர்ப்பு வந்தது.

பக்கத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட். 2005ல் அமெரிக்கக் குடும்பமொன்று அதை 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. விலையில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். மாட்டை வாங்கியவன், வாங்கிய கடனை மாட்டின் பாலிலிருந்தே அடைப்பது போல. அதன் பிறகு வட்டிக்குப் போன பணம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் 2024லும் 2025லும் நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு ஆட்குறைப்பு. மிச்சம் இருந்தவர்களின் இலவச மதியச் சாப்பாட்டையும் நிறுத்திப் பழம் கொடுக்கத் தீர்மானித்தார்கள். வட்டிக்காரனுக்கு வாய்தா தவறவில்லை. கான்டீன்காரருக்கு வேலை போயிற்று.

சீனாவில் எட்டு முறை சாம்பியனான குவாங்சோ கிளப், அதை ஊதிப் பெருக்கிய ரியல் எஸ்டேட் கம்பெனி கவிழ்ந்த பிறகு, கடன் தீர்க்க வழியின்றி 2025 ஜனவரியில் கலைந்தது.

அவர்களின் வாதமும் நமது பதிலும்

"ஆட்டக்காரர்களின் சம்பளம்தான் கிளப்பைக் கெடுக்கிறது" என்கிறார்கள் முதலாளிகள். இதில் ஒரு பகுதி உண்மை உண்டு, மறைக்க மாட்டோம். பார்சலோனா கிளப்புக்கு 2021ல் 135 கோடி யூரோ கடன். வருமானத்தை விடச் சம்பளச் செலவு அதிகம். மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டது யார்? ஆட்டக்காரன் கேட்கலாம், கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியது நிர்வாகம். மேலும், நாலு பேருக்குக் கோடி கொடுத்த குற்றத்துக்கு நானூறு பேரின் கூலியில் கைவைப்பது என்ன நியாயம்?

"அப்படியானால் கிளப்பை ஜனங்களிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்றும் கேட்பார்கள். அதற்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தினர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அங்கே டிக்கெட் விலை இங்கிலாந்தைவிட மலிவு. கண்ட முதலாளி வந்து கிளப்பைக் கடனில் வாங்க முடியாது. ஆயினும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் செல்லக் கிளப்பான ஷால்கே, அங்கத்தினர் கிளப்பாக இருந்தும், 20 கோடி யூரோவுக்கு மேல் கடன்பட்டு 2021ல் கீழ் லீக்குக்கு இறங்கியது. பார்சலோனாவும் அங்கத்தினர் கிளப்தான். ஆகவே சொந்தம் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. கணக்கைக் கேட்கும் விழிப்பும் வேண்டும். நமது கூட்டுறவுச் சங்கங்களில் நாம் பட்டு அறிந்த பாடம் இது.

இங்கிலாந்திலேயே, தனியார் கிளப்புகளை இஷ்டத்துக்கு விட முடியாது என்று 2025 ஜூலையில் தனிச் சட்டம் இயற்றி, மேற்பார்வை அதிகாரம் அமைத்தார்கள். முதலாளித்துவத்தின் பிறப்பிடமே ஒப்புக்கொண்ட உண்மையை நமது சர்க்கார் ஒப்புக்கொள்ள என்ன தயக்கம்?

நாம் கோருவது

கோடீசுவரர்களின் நஷ்டத்தை ஜனங்களின் வரிப்பணத்தால் அடைக்கும்படி நாம் கேட்கவில்லை. கேட்பது இவைதான்:

1. சீசன் தொடங்கும் முன்பே, ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் அனைவரின் முழுச் சீசன் சம்பளத்துக்கும் கிளப்புகள் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். கிளப் முறிந்தால் சம்பளப் பாக்கிதான் முதல் கடனாகத் தீர்க்கப்பட வேண்டும்.

2. ஒவ்வொரு கிளப்பின் வரவு, செலவு, கடன், வட்டி அனைத்தும் வருஷா வருஷம் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

3. ஆட்டம் முழுவதையும் ஒரே கம்பெனியிடம் எழுதிக் கொடுக்கும் பழக்கம் ஒழிய வேண்டும்.

4. நிர்வாகக் குழுவில் ஆட்டக்காரர்களுக்கும், ஊழியர்களுக்கும், ரசிகர்களுக்கும் ஓட்டுரிமையுள்ள இடம் வேண்டும்.

5. மைதான ஊழியர்களுக்குப் பிராவிடண்ட் பண்டும் ஈ.எஸ்.ஐ.யும் கறாராக அமலாக வேண்டும். ரயில்வேயிலும் வங்கிகளிலும் பொதுத்துறை ஆலைகளிலும் விளையாட்டு வீரர்களை நிரந்தர வேலைக்கு எடுப்பது விரிவாக வேண்டும்.

6. ஊர் தோறும் விளையாட்டு மைதானம், புறம்போக்கு ஆக்கிரமிப்பிலிருந்தும் மனை வியாபாரிகளிடமிருந்தும் காப்பாற்றப்பட வேண்டும்.

கடைசிக் கோரிக்கை சின்னதல்ல. செங்கல்பட்டு ஜில்லாவில் ஜி.எஸ்.டி. ரோட்டின் இருபுறமும் மனைக் கல் முளைக்காத இடம் குறைந்து வருகிறது. அறுவடை முடிந்த வயலும், தண்ணீர் வற்றிய ஏரி ஓரமும்தான் நமது பிள்ளைகளுக்கு ஸ்டேடியம். மாமல்லபுரத்துப் பக்கம் நல்ல புல்தரையோடு பயிற்சிப் பள்ளி ஒன்று நடக்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கே தேறும் பையன் நாளை எங்கே ஆடுவான்? மேலே லீக் ஆடிக்கொண்டிருக்கிறது. கீழே மைதானம் மனையாகிறது. இரண்டும் ஒரே கையின் வேலை.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நமது கிராமங்களிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் கோஷ்டிகள் உண்டு, டோர்னமெண்டும் நடக்கிறது. நோட்டீசில் கோப்பை தந்தவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மறு வருஷம் அவர் முகம் திருப்பினால் போட்டியே நின்றுவிடும். சட்டைக்கும் பந்துக்கும் வட்டிக்கு வாங்கிய பணத்தைப் பையன்கள் மூட்டை தூக்கி அடைப்பார்கள். இதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது. அங்கத்தினர் சந்தா சிறிதாயினும் எல்லாரிடமும் வாங்குங்கள். வரவு செலவைச் சங்கக் கொட்டகையில் எழுதி ஒட்டுங்கள். கடன் வாங்குமுன் கூட்டம் போட்டு முடிவெடுங்கள். தன் ஊர்க் கோஷ்டியின் கணக்கைக் கேட்கப் பழகியவன், நாளை ஆலையின் பாலன்ஸ் ஷீட்டையும் கேட்பான், சம்மேளனத்தின் கணக்கையும் கேட்பான்.

ஆடுகிறவனுக்குக் கூலி, பார்க்கிறவனுக்குக் கணக்கு, பிள்ளைகளுக்கு மைதானம். இந்த மூன்றும் கிடைக்கும் வரை கேட்போம்.